நாக்கில் ஒட்டாத எலும்பு

அத்தியாயம் 7

மதாம் குடேர்க் அந்த எலும்பை நக்கிப் பார்த்தார்.

ஒரு தடவை நக்கியது போதாதென்று இன்னொரு தடவையும். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய தாடைத் துண்டு அது. அதை நாக்கு நுனியில் வைத்து அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். துண்டு நிற்கவில்லை. வழுக்கி உள்ளங்கையில் விழுந்தது.

"எப்படி இருக்கு மதாம்? உப்பு தூக்கலா?" என்றான் அவருடைய உதவியாள் பிர்மின்.

"கொஞ்சம் வாயை மூடு."

அது மட்டும் பிர்மினால் ஆகாது. பயம் வந்தால் அவனுக்குப் பேச்சு வரும். இந்தக் குழிக்குள் இறங்கிய நிமிஷத்திலிருந்து பேசிக்கொண்டேதான் இருந்தான். நூற்றுப் பத்து கிலோ உடம்பு, பத்து வருஷம் ரக்பியில் முன்வரிசையில் முட்டி மோதிய ஆள், ஆனால் இடுக்கான இடம் என்றால் கை காலெல்லாம் வியர்த்துவிடும். லிஃப்டில் ஏறமாட்டான். இதுவோ ஏழு மீட்டர் ஆழம். நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்னால் உரத்துக்காகப் பாஸ்பேட் மண்ணைத் தோண்டி அள்ளிவிட்டு, அப்படியே போட்டுவிட்டுப் போன பள்ளம். சுண்ணாம்புப் பாறை கூஜா வயிறு மாதிரி கீழே அகன்று மேலே குறுகியிருந்தது. சுவரைப் பிடித்து ஏறுவது நடக்காத காரியம். மேலே போக இருந்த ஒரே வழி, ஓக் மரத்தில் கட்டித் தொங்கவிட்ட நூலேணி. பிர்மின் அதை நிமிஷத்துக்கு ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

இந்த எலும்பைத் தேடித்தான் அவர்கள் வந்திருந்தார்கள். மிரெய் பெசாக் என்ற பெண்ணின் மானம் இதில் தொங்கிக்கொண்டிருந்தது.

மிரெய்க்கு இருபத்தெட்டு வயது. மாவட்ட அருங்காட்சியகத்தில் எலும்புகளைச் சுத்தம் செய்யும் வேலை. ஜூலை மாதம், விடுமுறை நாளில், இதே குழியின் செம்மண் களியிலிருந்து சுண்டுவிரல் நீளத்தில் அரைத் தாடை ஒன்றை எடுத்தாள். நாயும் பூனையும் கரடியும் தனித்தனி வம்சமாகப் பிரிவதற்கு முன்னால் வாழ்ந்த பாட்டனின் தாடை. இந்தப் பக்கத்தில் அவ்வளவு பழையது யாருக்கும் கிடைத்ததில்லை. ஊரே கொண்டாட வேண்டிய நேரத்தில் அருங்காட்சியகத்தின் தலைவர் தூர்னியே ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். அது குழியில் கிடைத்ததே இல்லையாம். அவருடைய நாற்பத்தோராம் இழுப்பறையிலிருந்து திருடப்பட்டதாம்.

மறுப்பதும் சுலபமில்லை. அந்தக் காலத்துப் பாஸ்பேட் கூலிகள் அள்ளிக் கொடுத்த எலும்புகளைப் பெட்டியில் போட்டு, மேலே ஊர்ப் பெயரை மட்டும் எழுதி வைத்திருந்தார்கள். எந்தக் குழி, எந்த மண் என்று எவனும் குறிக்கவில்லை. நாற்பத்தொன்றில் ஒரு பெட்டி காலியாக இருந்தது. மூன்று வாரத்துக்கு முன் மிரெய்யிடமிருந்து அருங்காட்சியகப் பட்டறைச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். இன்று மாலை ஐந்து மணிக்கு அவள் போலீஸ் முன்னால் நிற்க வேண்டும்.

தாடை பின்பக்கம் உடைந்திருந்தது. உடைந்த மீதித் துண்டு இந்தக் குழியிலேயே கிடைத்துவிட்டால் அவள் தப்பித்தாள். தோண்டுவது வெளியாளாக இருக்கட்டும் என்று இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டதால், மிரெய்யும் தூர்னியேயும் மேலே காத்திருக்க, மதாம் குடேர்க் பிர்மினோடு இறங்கினார். இருபது வருஷம் ட்ரஃபிள் காளான் சந்தையில் பரிசோதகராக இருந்தவர். மட்டமான காளானுக்கு வாசனை தடவி விற்கிறவனை மூன்று மேஜை தள்ளி நின்றே பிடித்துவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு அந்த மூக்கை வைத்துத்தான் துப்பறிகிறார்.

தாடை கிடைத்த இடமென்று மிரெய் ஆணி அடித்துச் சிவப்பு நூல் கட்டியிருந்த இடத்தில் சுரண்டிய பத்தாவது நிமிஷம் துண்டு கிடைத்தது.

"இவ்ளோ சீக்கிரம் கிடைச்சதுதான் எனக்குப் பிடிக்கல," என்றார் மதாம் குடேர்க். பையிலிருந்து மிரெய் கொடுத்த தாடையின் அச்சு வார்ப்பை எடுத்து, உடைந்த இடத்தில் துண்டைப் பொருத்தினார். ஏறக்குறையப் பொருந்தியது.

"ஏறக்குறையன்னா போதாதா மதாம்? என் கல்யாணமே ஏறக்குறையத்தான் பொருந்துச்சு."

"பல்லைப் பாரு. காலையில அந்தப் பொண்ணு நாய் வாயைத் திறந்து என்ன காமிச்சா?"

பிர்மினுக்கு நாயின் வாய் நாற்றம்தான் முதலில் ஞாபகம் வந்தது. மிரெய் தன் நாயின் உதட்டைத் தூக்கிப் பிடித்து விரலால் தொட்டுச் சொன்னாள்: "கறி அறுக்குறது இந்தப் பல்லு. இதுக்குப் பின்னாடி இருக்கறதெல்லாம் சின்னப் பல்லு, பழமோ பூச்சியோ அரைக்க. பாட்டனுக்கும் இப்படித்தான். அந்தக் காலத்துல இன்னொரு கூட்டம் இருந்துச்சு. அதுங்களுக்குக் கடைசிப் பல்லுதான் பெரிய கத்தி. வாய் பூராக் கத்தி. கறியை விட்டா வேற எதுவும் திங்கத் தெரியாது. அதுங்க வம்சமே இன்னைக்கு இல்ல."

இந்தத் துண்டின் கடைசியில் நின்றது கத்தி. சின்னப் பல்லே இல்லை.

"வேற மிருகம்!" என்றான் பிர்மின்.

"வேற மிருகத்தோட எலும்பை அராவிப் பொருத்தி, நமக்காகப் புதைச்சு வச்சிருக்காங்க. நாம அதை ஆசையா எடுத்துட்டுப் போய்ப் போலீஸ்கிட்ட நீட்டணும். அங்க ஒருத்தர் பல்லைப் பார்த்துட்டு, 'திருடினது போதாதுன்னு போலியும் பண்ணியிருக்கா'ன்னு சிரிக்கணும். சரி, இது எங்கேர்ந்து வந்துச்சு? மோந்து பாரு."

பிர்மின் மோந்தான். அவன் மனைவி நகப்பூச்சை அழிக்கும் திரவத்தின் நெடி.

"நல்லாக் காஞ்ச பழைய எலும்புன்னா நாக்குல ஒட்டிக்கும். அதுலதான் ஆயிரம் ஊசி ஓட்டை இருக்கே, எச்சிலை இழுத்துக்கும். மண்ணுல தோண்டுற எல்லாரும் இப்படி நக்கித்தான் கல்லா எலும்பான்னு பார்ப்பாங்களாம். இது ஒட்டல. ஓட்டையெல்லாம் அடைச்சு வார்னிஷ் பூசியிருக்கு. கசக்குது வேற. பூசி நாலு நாள்கூட ஆகல."

பிர்மினுக்குப் பொறி தட்டியது. பொறி தட்டினால் அவன் மெதுவாகப் பேசமாட்டான்.

"புது வார்னிஷா! மூணு வாரமா மிரெய்கிட்ட சாவியே இல்லையே! பட்டறைக்குள்ள போக வர இருக்கறது தூர்னியே ஒருத்தன்தானே!"

குழி அந்தப் பெயரை வாங்கி இரண்டு தரம் திருப்பிச் சொன்னது. மதாம் குடேர்க் கண்ணை மூடிக்கொண்டார்.

பிர்மின் தோளுக்குப் பக்கத்தில் ஏதோ அசைந்தது. நூலேணியின் கடைசிப் படி அவன் முகத்தைத் தாண்டி மேலே போனது. எகிறிக் குதித்தான். விரல் நுனி கட்டையில் பட்டது, பிடி கிடைக்கவில்லை. இரண்டாவது தடவை குதிப்பதற்குள் ஏணி மொத்தமும் விளிம்பைத் தாண்டி மறைந்துவிட்டது.

மேலே சட்டி வாயளவு வானம் தெரிந்தது. அதுவும் கறுத்துக்கொண்டு வந்தது.

"மதாம்!" தூர்னியேயின் குரல் பதறியது. "அந்தப் பொண்ணு ஏணியை உருவிக்கிட்டு ஓடிட்டா! தடுக்கப் போனேன், தள்ளி விட்டுட்டா!"

"உங்களுக்கு அடி கிடி பட்டுச்சா முசியே?" என்று அக்கறையாகக் கேட்டார் மதாம் குடேர்க்.

"அதை விடுங்க. கிடைச்ச துண்டு பத்திரமா இருக்கணும். வாளி இறக்கறேன், அதுல போடுங்க. நான் ரோட்டுக்குப் போய்த் தீயணைப்பு வண்டிக்குச் சொல்றேன்."

மண் அள்ளும் தகர வாளி ஆடி ஆடி இறங்கியது. அதன் கயிறு சுண்டுவிரல் கனம்கூட இல்லை. பிர்மின் அதை ஏக்கத்தோடு பார்த்தான்.

"அது என் வலது காலுக்கே பத்தாது," என்று முனகினான். கைபேசியை எடுத்துத் தலைக்கு மேல் பிடித்தான். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. சுவர்கள் ஓரடி நெருங்கி வந்துவிட்டதாகத் தோன்றியது. "மிரெய்தானா மதாம்? அவளா இப்படி?"

"தூர்னியேதான் அவளை மாத்திரை எடுக்கக் காருக்கு அனுப்பினான். நீ கேக்கலையா? 'ரத்தக்கொதிப்பு மாத்திரை, முன்சீட்டுல இருக்கும்'னான். கார் ரோட்டுல நிக்குது. போக இருபது நிமிஷம், வர இருபது நிமிஷம். அவ இல்லாத நேரத்துல நீ கத்தின. அவன் உருவிட்டான்."

"அப்போ நான்தான்..."

"நீதான். உன் வாயால வந்த வினை."

பிர்மினுக்கு அழுகையே வந்துவிட்டது. முதல் மழைத்துளி அவன் மூக்கில் விழுந்தது. கோடை முடிந்து செப்டம்பரில் வரும் இடிமழை இந்த மேட்டு நிலத்தில் சொல்லிவிட்டு வருவதில்லை. விளிம்பிலிருந்து சிவப்புத் தண்ணீர் நாலைந்து இடத்தில் வழிய ஆரம்பித்தது. தரை களிமண், குடிக்காது. சற்று நேரத்தில் காலணிக்குள் ஈரம் ஏறியது.

காலையில் மிரெய் சொன்ன இன்னொரு விஷயம் அப்போது பார்த்துத்தானா அவனுக்கு ஞாபகம் வர வேண்டும்? இந்தக் குழி அந்தக் காலத்திலேயே பொறிதான். மான் மாதிரி ஏதோ ஒன்று தவறி விழும், கத்தும். அந்தச் சத்தத்துக்கும் வாடைக்கும் ஐந்தாறு வேட்டை மிருகங்கள் தாமாகவே குதிக்கும். குதித்தது எதுவும் மேலே வந்ததில்லை. அதனால்தான் இங்கே இரையைவிட வேட்டையாடிகளின் எலும்பு அதிகம்.

"நாமளும் அப்படித்தான் மதாம், எலும்புத் துண்டு வாடைக்குக் குதிச்சிருக்கோம். இன்னும் கொஞ்ச நாள் கழிச்சு எவனாவது வந்து என் தாடையை நக்கிப் பார்ப்பான்."

"உன் தாடைன்னா பேசிக்கிட்டே இருக்கும், நக்கிப் பார்க்கத் தேவையில்ல," என்றார் அவர். ஆனால் குரலில் விளையாட்டு இல்லை. "கவனமாக் கேளு. துண்டைக் கொடுத்தா அத்தாட்சி போச்சு. கொடுக்கலேன்னா இங்கயே கிடக்கணும். ஏணியை எங்கயாவது புதர்ல போட்டுட்டு, மிரெய் திரும்பி வர்றப்போ 'இதோ இவதான்'னு கையைக் காமிப்பான். ஏற்கெனவே திருடின்னு பேர் எடுத்தவ. அவ சொல்றதை யார் நம்புவாங்க?"

"மதாம்!" மேலிருந்து குரல். "வாளியில போட்டாச்சா?"

"இருங்க முசியே, கை வழுக்குது!" என்று கத்திவிட்டுப் பிர்மின் காதருகே குனிந்தார். "ஒண்ணு மட்டும் யோசி. புதைக்கப்போற போலி எலும்புக்கு எதுக்கு வார்னிஷ்?"

பிர்மின் விழித்தான்.

"தேவையே இல்ல. அப்படியே புதைச்சிருந்தா நாக்குல ஒட்டியிருக்கும், வச்சது யாருன்னு எனக்குத் தெரிஞ்சே இருக்காது. ஆனா இழுப்பறையிலேர்ந்து எடுக்கறப்போ அது உதிர ஆரம்பிச்சிருக்கும். ஈரக் களியில வைக்கணும். அவனால முடியல. முப்பது வருஷம் எலும்பைப் பொத்திப் பொத்தி வச்ச கை. ஒருத்தியைக் குழியில தள்ளத் திட்டம் போடுறான், ஆனா எலும்புக்குச் சளி பிடிச்சிடக் கூடாதாம்!"

சொல்லிவிட்டுத் தன் தொப்பியைக் கழற்றிப் பிர்மினிடம் கொடுத்தார். "நூல் கட்டின இடத்துக்கு மேல பிடி. மழை படாமப் பிடிக்கிற மாதிரி நில்லு. அவன் எட்டிப் பார்ப்பான்."

பிறகு அண்ணாந்து, "முசியே! இங்க இன்னொண்ணு இருக்கு!" என்று கூவினார்.

இன்னும் உரக்கக் கத்தினார்:

"முதல் துண்டுக்குக் கீழ! இது நாக்குல ஒட்டுது! பின்னாடி சின்னப் பல்லு முசியே, குண்டூசித் தலையாட்டம்!"

விளிம்பில் கண்ணாடி போட்ட முகம் ஒன்று எட்டிப் பார்த்தது. பிர்மின் தொப்பியைப் பயபக்தியோடு பிடித்துக்கொண்டு நின்றான்.

"பொய்," என்றார் தூர்னியே. ஆனால் முகம் உள்ளே போகவில்லை.

"பொய்யோ என்னவோ, கரைஞ்சுக்கிட்டிருக்கு! தண்ணி நேரா இது மேலதான் வடியுது. ஒரு ஓரம் மாவாப் போயிடுச்சு. எடுத்து வாளியில போடட்டுமா?"

"தொடாதீங்க!"

"பிர்மின், கத்தியைக் கொடு, நெம்பி எடுத்துடறேன்."

"கத்தியா? ஐயோ, கையை வைக்காதீங்க! பொடியாப் போயிடும்! அதுக்கு முதல்ல பூச்சு கொடுக்கணும்!"

"எனக்கு என்ன தெரியும் முசியே? நான் காளான் மோந்த ஆளு. இவன் பந்து பிடிச்ச ஆளு. பூசத் தெரிஞ்சவங்க இங்க யாரு இருக்காங்க?"

மழை கொட்டியது. தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. அந்த முகம் விளிம்பிலிருந்து மறைந்தது. போய்விட்டான், அவ்வளவுதான் என்று பிர்மின் நினைத்துக்கொண்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுக்குச் சொல்ல ஒரு நக்கலும் வரவில்லை.

சர்ரென்று ஒரு சத்தம். நூலேணி அவன் மூக்குக்கு முன்னால் வந்து விழுந்தது.

தூர்னியே மழைக்கோட்டோடு தட்டுத் தடுமாறி இறங்கினார். ஒரு கையில் சின்னக் கண்ணாடிக் குப்பி, வாயில் கவ்விய தூரிகை. தரையில் கால் வைத்ததும் தூரிகையை எடுத்துக்கொண்டு, "எங்க? எங்க?" என்று பாய்ந்தார்.

பிர்மின் ஏணியின் கீழ்ப்படியில் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டான். நூற்றுப் பத்து கிலோவை இனி யாரும் மேலேயிருந்து உருவ முடியாது.

"முசியே, ஒரு சந்தேகம்," என்றான். "மிரெய் எடுத்துக்கிட்டு ஓடின ஏணி எங்கேர்ந்து வந்துச்சு?"

மதாம் குடேர்க் தூர்னியேயின் கையிலிருந்த குப்பியை மெதுவாக வாங்கி மூடியைத் திறந்து மோந்தார்.

"அதே வாசனை," என்றார்.

"எலும்பு எங்க?" அப்போதும் தூர்னியே கேட்டது அதைத்தான்.

"இல்ல முசியே. சும்மா சொன்னேன்."

தூர்னியே பாறையில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியில் மழை வழிந்தது. "முப்பத்தோரு வருஷம்," என்றார். "அடுத்தவன் தோண்டினது, அடுத்தவன் பேர் வச்சது, எல்லாத்தையும் தூசி தட்டி வச்சேன். எனக்குன்னு ஒரு பல்லுகூட இல்ல. லீவு நாள்ல வந்து ஒரு சின்னப் பொண்ணு எடுத்துட்டுப் போறா. அது என் இழுப்பறையில இருந்ததா இருந்தா, பேர் வைக்கிறது நான்தானே?"

பிர்மினுக்கு ஒரு கணம் அவர்மேல் பாவமாகக்கூட இருந்தது. ஆனால் அடுத்த நிமிஷமே தூர்னியே நிமிர்ந்து உட்கார்ந்தார். குரலில் பழைய அதிகாரம் திரும்பியிருந்தது.

"சரி, ஏணியை எடுத்தேன். போலியும் வச்சேன். அதுக்குத் திட்டுவாங்க, வேலை போகும். ஆனா அந்தத் தாடை இந்தக் குழியிலேர்ந்துதான் வந்துச்சுன்னு இப்பவும் உங்களால காட்ட முடியாது. பெட்டி காலிதான். அவ திருடிதான்."

காட்ட முடியாதுதான் என்பது பிர்மினுக்கும் தெரிந்தது. ஏணி கிடைத்துவிட்டது, ஆனால் மிரெய் இன்னும் குழிக்குள்தான் இருந்தாள்.

ஆத்திரத்தில் அவன் நூல் கட்டியிருந்த சுவரை ஓங்கி ஒரு குத்துக் குத்தினான். போலித் துண்டை வைக்கத் தூர்னியே குடைந்திருந்த பொந்தின் அடிப்பாகம், மழையில் ஏற்கெனவே இளகியிருந்தது. அதிலிருந்து ஒரு களிமண் கட்டி பெயர்ந்து அவன் கையில் விழுந்து இரண்டாகப் பிளந்தது. வெளியே சேறு, உள்ளே வறண்டு காய்ந்த சிவப்பு. அந்தச் சிவப்புக்கு நடுவே மங்கலான மஞ்சளில் என்னவோ இருந்தது.

"கல்லாத்தான் இருக்கும்," என்றான் கசப்போடு. "இன்னைக்கு என் ராசிக்குக் கல்லுதான் கிடைக்கும். எதுக்கும் ருசி பார்த்து வச்சிடறேன்."

நாக்கை நீட்டி அதன்மேல் வைத்தான். கையை எடுத்தான்.

அது விழவில்லை.

தலையை ஆட்டினான். அப்போதும் விழவில்லை. நாக்கை உள்ளே இழுக்கவும் முடியாமல், வெளியே நீட்டவும் முடியாமல், கண்ணை உருட்டிக்கொண்டு மதாமைப் பார்த்தான். அவர் அச்சு வார்ப்பை எடுத்து, அவன் மூக்குக்குக் கீழே அந்த மஞ்சள் துண்டின் உடைந்த முனையோடு சேர்த்தார். முடி நுழைய இடமில்லாமல் சேர்ந்தது. அதன் பின்கோடியில் குண்டூசித் தலையளவு ஒரு பல் இருந்தது. சத்தியமாக அப்படியே இருந்தது.

தூர்னியே எழுந்து நின்றுவிட்டார். அவர் தோண்டிய பொந்துக்கும் இதற்கும் இடையில் ஒரு விரற்கடை மண்தான். தன் கோட்டைக் கழற்றிப் பிர்மினின் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தார். "தண்ணி படக்கூடாது," என்றார் உடைந்த குரலில். "பாட்டனோடதுதான். அவ எடுத்ததோட மீதி. தண்ணி படக்கூடாது."

மேலே நாய் குரைத்தது. மூச்சிரைக்க ஒரு பெண் குரல் கேட்டது.

"முசியே தூர்னியே! கார் பூராத் தேடிட்டேன், மாத்திரையே இல்ல! மதாம்? கீழ என்ன ஆச்சு? கிடைச்சுதா இல்லையா?" கொஞ்சம் நிறுத்தி, பயந்த குரலில் கேட்டாள். "ஏன் பிர்மின் சத்தமே காணோம்?"

மதாம் குடேர்க் அண்ணாந்து பார்த்தார். மழை முகத்தில் விழுந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"பயப்படாதே மிரெய்," என்றார். "உன் பாட்டன் அவன் நாக்கைப் பிடிச்சுக்கிட்டாரு. விடமாட்டேங்கறாரு."